4,4'-டிஎம்ஏஆர்: ஆராய்ச்சி குறைவு என்றால் ஆபத்தும் குறைவா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: "4,4'-டிஎம்ஏஆர் என்று ஒரு செயற்கை ஊக்கப்பொருள் இருக்கிறதாம். ஆம்பெடமைன் என்ற ஊக்கப்பொருளின் வேகமும் எக்ஸ்டஸி என்ற போதை மாத்திரையின் இதமும் சேர்ந்த மாதிரி இருக்கும், நெடுநேரம் நிற்கும் என்கிறான் நண்பன். இதைப் பற்றிப் பெரிதாக ஆராய்ச்சி எதுவும் இல்லை, அதனால் கெடுதல் என்று யாரும் நிரூபிக்கவில்லை, கொஞ்சமாக எடுத்தால் ஒன்றும் ஆகாது என்றும் சொல்கிறான். இது எவ்வளவு தூரம் சரி?"

நண்பர் சொன்னதில் ஒரு பாதி சரி. ஆராய்ச்சி குறைவுதான். மனிதர்களுக்குக் கொடுத்து, மருத்துவர்கள் பக்கத்தில் இருந்து கவனித்து, அளவு அளவாகச் சோதித்த ஆய்வு என்று இதற்கு எதுவும் கிடையாது. சாதாரணத் தலைவலி மாத்திரைக்குக்கூட இருக்கிற தகவல்கள், அதாவது எவ்வளவு உட்கொண்டால் இரத்தத்தில் எவ்வளவு ஏறும், எத்தனை மணி நேரத்தில் பாதி வெளியேறும், எந்த மருந்தோடு சேரக்கூடாது என்பவை, இந்தப் பொருளுக்கு யாரும் முறையாகத் தொகுத்ததில்லை.

மறுபாதி தப்பு. அந்தத் தப்பு உயிரை எடுக்கக்கூடியது. 4,4'-டிஎம்ஏஆர் மனித உடலில் என்ன செய்யும் என்பது பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி பிரேதப் பரிசோதனை அறிக்கைகளிலிருந்து வந்தது. ஆய்வகம் மெதுவாகச் சொல்லியிருக்க வேண்டியதை இறந்தவர்களின் இரத்தம் சொன்னது. "நிரூபிக்கப்படவில்லை" என்று நண்பர் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு அந்த அறிக்கைகள்தான் நினைவுக்கு வருகின்றன.

நடந்தது இது. 2012 கடைசியில் நெதர்லாந்தில் பிடிபட்ட ஒரு பொடியில் இந்தப் பொருள் இருப்பது தெரியவந்தது. அந்த டிசம்பரில், ஐரோப்பிய ஒன்றியத்துக்காக லிஸ்பனிலிருந்து இயங்கும் போதைப்பொருள் கண்காணிப்பு மையத்துக்குத் தகவல் போனது. அப்போது அது பட்டியலில் சேர்ந்த இன்னொரு புதுப் பெயர், அவ்வளவுதான். அடுத்த ஒன்றரை ஆண்டுக்குள் ஹங்கேரி, போலந்து, பிரிட்டன் ஆகிய மூன்று நாடுகளில் சுமார் 30 பேரின் மரணத்தில் இந்தப் பொருள் கண்டறியப்பட்டது. பிரிட்டனில் நடந்தவற்றில் பெரும்பகுதி வட அயர்லாந்தில். ஒரு சின்ன நிலப்பரப்பில், மாதக் கணக்கிலான இடைவெளிக்குள், இளைஞர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். சில இடங்களில் இது 'செரோடோனி' என்ற பெயரில் விற்றது. இறந்தவர்களில் பலர் தாங்கள் விழுங்கியது 4,4'-டிஎம்ஏஆர் என்றே அறியாதவர்கள். எக்ஸ்டஸி என்று நம்பி மாத்திரையை வாங்கியவர்கள்.

இங்கே நியாயமான ஒரு சந்தேகம் எழும். அவர்களில் பெரும்பாலானோர் உடலில் வேறு போதைப்பொருட்களும் இருந்தனவே, அவைதான் காரணமோ என்று. ஒவ்வொரு மரணத்திலும் இதன் பங்கு எவ்வளவு என்று தராசில் நிறுத்துச் சொல்ல முடியாது என்பது உண்மைதான். ஆனால் வெவ்வேறு நாடுகளில் இறந்தவர்களிடம் தென்பட்ட அறிகுறிகள் ஒரே வரிசையில் இருந்தன: கட்டுப்படுத்த முடியாத பதற்றம், கொதிக்கும் உடல், வாயில் நுரை, மூச்சுத் திணறல், வலிப்பு, கடைசியில் இதயம் நின்றுபோதல். அந்த வரிசை ஏன் அப்படி வருகிறது என்பதற்கு ஆய்வகத்திலும் விடை கிடைத்துவிட்டது.

2014இல் வெளியான ஓர் ஆய்வில் எலிகளின் மூளையிலிருந்து எடுத்த நரம்பு முனைகளில் இந்தப் பொருளைச் சோதித்தார்கள். நரம்பு செல்கள் ஒன்றோடொன்று பேசப் பயன்படுத்தும் வேதிப்பொருட்களில் மூன்று இங்கே முக்கியம்: டோபமைன், நார்அட்ரினலின், செரோடோனின். இவை வெளியே வந்து வேலையை முடித்ததும், செல்லின் சுவரில் இருக்கும் கடத்திப் புரதங்கள் அவற்றைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆம்பெடமைன் வகைப் பொருட்கள் அந்தக் கடத்தியை எதிர்த்திசையில் ஓட வைக்கின்றன. உள்ளே சேமித்து வைத்திருந்தது வெளியே கொட்டுகிறது.

சாதாரண ஆம்பெடமைன் டோபமைனையும் நார்அட்ரினலினையும்தான் பெருமளவில் கொட்டும். செரோடோனின் பக்கம் அதன் வீச்சு மிகக் குறைவு. 4,4'-டிஎம்ஏஆர் மூன்றையும் கிட்டத்தட்ட ஒரே வீரியத்தோடு கொட்டுகிறது. செரோடோனினை மட்டும் வைத்துப் பார்த்தால், இது செய்வதை ஆம்பெடமைன் செய்ய நூறு மடங்குக்கும் மேலான செறிவு தேவைப்பட்டது. நண்பர் "வேகமும் இதமும் சேர்ந்தது" என்று வர்ணிப்பது இதைத்தான். அவருக்கு அது இரட்டைச் சுகமாகத் தெரிகிறது. நச்சியல் படித்தவர்களுக்கு அது இரண்டு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் வரும் அடி. நார்அட்ரினலின் இதயத்தையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றுகிறது. செரோடோனின் தசைகளை முறுக்கி உடலின் வெப்பக் கட்டுப்பாட்டைக் குலைக்கிறது. டோபமைன் தூக்கத்தையும் களைப்பையும் மறைத்து, நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்த விடாமல் செய்கிறது.

சூடு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் இதைக் காய்ச்சல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். காய்ச்சலில் மூளை தானே முடிவு செய்து உடல் வெப்பத்தைக் கொஞ்சம் உயர்த்தி வைக்கிறது. இங்கே அப்படி இல்லை. தசைகள் ஓயாமல் இறுகி நடுங்கி வெப்பத்தை உற்பத்தி செய்கின்றன. அதே நேரம் நார்அட்ரினலின் தோலுக்குப் போகும் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுவதால் அந்த வெப்பம் வெளியேற வழியில்லை. எரியும் அடுப்பின் மேல் மூடி போட்டு அழுத்தியதுபோல. அதனால்தான் பாராசிட்டமால் இதற்கு வேலை செய்யாது. 41 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தசை நார்கள் சிதையத் தொடங்கும்; அவற்றிலிருந்து கசியும் புரதம் சிறுநீரகத்தை அடைக்கும்; இரத்தம் உறையும் முறை தாறுமாறாகி உள்ளே இரத்தக்கசிவு ஏற்படும்; கல்லீரல் கெடும். இவ்வளவும் சில மணி நேரத்துக்குள் நடந்து முடியலாம்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒரு பழைய கண்டுபிடிப்பு உண்டு. தனியாக அடைக்கப்பட்ட எலி தாங்கிக்கொள்ளும் ஆம்பெடமைன் அளவு, அதே எலியை மற்ற எலிகளோடு நெருக்கமாக அடைத்தால் அதைக் கொன்றுவிடும் என்பதை 1940களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். சுற்றுப்புறச் சூடும் நெரிசலும் அசைவும் சேரும்போது அளவு மாறாமலே நஞ்சு கூடுகிறது. மனிதர்கள் இந்த மாதிரிப் பொருட்களை எங்கே எடுக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். காற்றோட்டம் குறைந்த, கூட்டம் நிறைந்த, மணிக்கணக்கில் ஆடுகிற இடங்களில். போன தடவை வீட்டில் எடுத்தபோது ஒன்றும் ஆகவில்லை என்பது அடுத்த தடவைக்கு உத்தரவாதம் ஆகாது.

அப்புறம் இந்தப் பொருளின் மிக மோசமான குணம்: இது தாமதமாக ஏறுகிறது. எடுத்தவர்களின் வர்ணனைகளில் திரும்பத் திரும்ப வருவது இதுதான். எதிர்பார்த்த நேரத்தில் எதுவும் தெரிவதில்லை. வாங்கிய மாத்திரை வீரியமில்லாதது என்று நினைத்து இன்னொன்று போடுகிறார்கள். அல்லது வேறு ஊக்கப்பொருளைச் சேர்த்துக்கொள்கிறார்கள். பிறகு முதலில் போட்டது ஏறும்போது இரண்டாவதும் பின்னாலேயே ஏறுகிறது. இறங்கவும் நேரமாகும், பாதி நாள் வரை பிடித்து வைத்திருந்ததாகச் சொன்னவர்கள் உண்டு. எக்ஸ்டஸியின் பெயரில் விற்கப்பட்டுப் பலரைக் கொன்ற பிஎம்ஏ, பிஎம்எம்ஏ என்ற இரண்டு பொருட்களின் கதையும் இதேதான்: தாமதமான ஏற்றம், பொறுமை இழந்து இன்னொரு மாத்திரை, கட்டுக்கடங்காத சூடு. இதை அனுபவக் குறைவு என்று சொல்லிவிட முடியாது. பழக்கப்பட்டவர்களும் மாட்டலாம், ஏனென்றால் எக்ஸ்டஸி எத்தனை நிமிடத்தில் ஏறும் என்று அவர்களுக்குத்தான் மனக்கணக்கு இருக்கிறது.

"கொஞ்சமாக எடுத்தால்" என்ற வாதத்துக்கு வருவோம். கொஞ்சம் என்பது எவ்வளவு? பாதுகாப்பான அளவு எது, ஆபத்தான அளவு எது என்று தெரிந்தால்தான் கொஞ்சம் என்ற சொல்லுக்கே அர்த்தம். இங்கே இரண்டு எல்லைகளும் வரையப்படவில்லை. ஒரே தொகுதியில் செய்த மாத்திரைகளிலேயே ஒன்றில் கூடுதலாகவும் ஒன்றில் குறைவாகவும் இருக்கும். கள்ளத்தனமாகத் தயாரிப்பவர் யாரும் சீராகக் கலந்து பார்ப்பதில்லை. மூலக்கூறே, அணுக்கள் அமைந்திருக்கும் திசையைப் பொறுத்து, 'சிஸ்', 'டிரான்ஸ்' என்று இரண்டு வடிவங்களில் இருக்கிறது, இரண்டும் மூளையில் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. எந்தப் பொடியில் எது இருக்கிறது என்பது வாங்குபவருக்கு எப்படித் தெரியும்?

அவரவர் சாப்பிடும் மருந்துகளும் கணக்கை மாற்றும். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பல, வலிக்குத் தரும் டிரமடால், இருமல் மருந்துகளில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன், லினசோலிட் என்ற நுண்ணுயிர்க்கொல்லி, இவையெல்லாம் செரோடோனினோடு தொடர்புள்ளவை. எம்ஏஓ தடுப்பான் வகை மருந்து (செரோடோனினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கும் ஒரு வகை மனச்சோர்வு மருந்து) எடுப்பவர்களுக்கு நான் தயக்கமில்லாமல் சொல்வேன்: செரோடோனினைக் கொட்டும் எந்தப் பொருளும் அதோடு சேர்ந்தால் மரணம் மிக அருகில் இருக்கிறது.

இந்தப் பொருளின் குடும்ப வரலாறு பலருக்கும் தெரியாது. நண்பரின் "புதுசு, அதனால் எதுவும் தெரியாது" என்ற வாதம் உடைகிற இடம் அதுதான்.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மெக்நீல் ஆய்வகத்தில் பசியைக் குறைக்கும் மருந்துகளைத் தேடியபோது உருவாக்கப்பட்ட குடும்பம் இது. அதில் மூத்தது அமினோரெக்ஸ். 1965இல் மெனோசில் என்ற பெயரில் ஸ்விட்சர்லாந்து, மேற்கு ஜெர்மனி, ஆஸ்திரியா மூன்று நாடுகளிலும் எடை குறைப்பு மாத்திரையாக விற்பனைக்கு வந்தது. ஆரோக்கியமாக இருந்தவர்கள், எடை குறைய வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக வாங்கிச் சாப்பிட்டார்கள். 1967 வாக்கில் பெர்ன் நகர மருத்துவர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். நுரையீரல் தமனி உயர் அழுத்தம் என்ற மிக அரிய நோயோடு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒரு ஸ்விஸ் மருத்துவமனையில் அந்த நோயாளிகளின் எண்ணிக்கை இருபது மடங்கு அளவுக்கு உயர்ந்தது. விசாரித்தால் பெரும்பாலோர் இந்த மாத்திரை சாப்பிட்டவர்கள்.

அந்த நோயில் இதயத்திலிருந்து நுரையீரலுக்கு இரத்தம் கொண்டுபோகும் நுண்ணிய குழாய்களின் சுவர் தடித்துப்போகும். குறுகிய குழாய் வழியாக இரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலது பக்கம் வீங்கிச் சோர்ந்துவிடும். முதலில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், பிறகு நடந்தாலே வாங்கும், பிறகு மயக்கம். மாத்திரையைத் தொடங்கி பல மாதங்கள் கழித்தே இது வெளிப்பட்டது என்பதால் இரண்டையும் தொடர்புபடுத்த நேரம் பிடித்தது. 1968இல் மருந்து திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் பலருக்கு நோய் வேரூன்றிவிட்டது. மாத்திரையை நிறுத்திய பிறகும் இறந்தவர்கள் உண்டு. முப்பது ஆண்டு கழித்து, 1997இல், ஃபென்ஃப்ளூரமின் வகை எடை குறைப்பு மருந்துகளைச் சந்தையிலிருந்து நீக்க வேண்டி வந்தபோதும் இதே நுரையீரல் நோயும் இதய வால்வுச் சேதமும் பேசப்பட்டன. நுரையீரல் குழாய்களின் சுவரிலும் செரோடோனின் கடத்தி நிறைய இருக்கிறது. அங்கே செரோடோனின் கூடினால் தசைச் சுவர் பெருகும். இந்த மருந்துகள் எல்லாம் அந்தக் கடத்தி வழியாகவே வேலை செய்பவை.

அமினோரெக்ஸில் ஒரு மெத்தில் தொகுதியை (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் கொண்ட சிறு துண்டை) சேர்த்தால் 4-மெத்தில்அமினோரெக்ஸ். அது 1980களில் அமெரிக்காவில் போதைப்பொருளாகத் தெருவுக்கு வந்து 1987இல் தடை செய்யப்பட்டது. அதில் இன்னும் ஒரு மெத்திலைச் சேர்த்தால் 4,4'-டிஎம்ஏஆர். அந்த ஒரு மெத்தில்தான் பழைய தடைச் சட்டத்தின் பிடியிலிருந்து இதைக் கொஞ்ச காலம் வெளியே வைத்திருந்தது. மூலக்கூறின் மற்ற எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. செரோடோனின் மேல் அதன் பிடி அமினோரெக்ஸ் வழித்தோன்றல்களிலேயே வலுவானவற்றில் ஒன்று. இதை மாதக்கணக்கில் எடுத்தவர்களின் நுரையீரலை யாரும் தொடர்ந்து கவனித்ததில்லை. அந்தக் குடும்பத்தில் பிறந்த ஒன்றை, எடுத்த இரவில் தப்பித்துவிட்டேன் என்பதற்காக மட்டும் பாதுகாப்பானது என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஏற்கெனவே எடுத்தவர்களுக்கு, பின்னாளில் காரணமில்லாத மூச்சிரைப்போ, கால் வீக்கமோ, உழைக்கும்போது மயக்கமோ வந்தால், மருத்துவரிடம் எடுத்ததைச் சொல்லி எக்கோ என்ற இதய ஸ்கேன் பரிசோதனை கேளுங்கள். சொல்லாவிட்டால் அந்தத் திசையில் யோசிக்க அவருக்குக் காரணமே இருக்காது.

சட்ட நிலை எளிது. பிரிட்டன் 2015 மார்ச்சில் தடை செய்தது, ஐரோப்பிய ஒன்றியம் அதே ஆண்டு அக்டோபரில், 2016இல் ஐ.நா.வின் 1971ஆம் ஆண்டு உளப்பாதிப்புப் பொருட்கள் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தது. எனவே "இன்னும் தடை இல்லை" என்று யாராவது சொன்னால் அது பழைய கதை. ஆனால் தடைக்குப் பிறகு அதே எலும்புக்கூட்டில் மெத்திலுக்குப் பதிலாக ஃப்ளோரினோ குளோரினோ வைத்த உறவினர்கள் சந்தையில் தென்பட்டிருக்கிறார்கள். அவற்றுக்கும் நான் மேலே சொன்னது அத்தனையும் பொருந்தும், அவற்றைப் பற்றிய தரவு இன்னும் குறைவு என்பதைத் தவிர.

கடைசியாக, யாராவது ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தால் செய்ய வேண்டியது. இதைத்தான் கவனமாகப் படிக்கச் சொல்வேன்.

தாடை இறுகுதல், கண் பாவை விரிதல், இடைவிடாத நடுக்கம், கால் தசைகள் தானாகத் துடித்தல், தொட்டால் அனலடித்தல், பேச்சு குழறுதல், இல்லாததைப் பார்த்து மிரளுதல். இவற்றில் சூடும் குழப்பமும் சேர்ந்து வந்தால் காத்திருக்காதீர்கள், தூங்கினால் சரியாகிவிடும் என்று படுக்க வைக்காதீர்கள். உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். போலீஸ் வருமோ என்ற பயத்தில் இழந்த நேரமே பல உயிர்களைப் பறித்திருக்கிறது.

ஆம்புலன்ஸ் வரும்வரை கூட்டத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குக் கொண்டுபோங்கள். கனமான ஆடைகளைக் கழற்றி, உடம்பை நீரால் நனைத்து விசிறுங்கள். ஆட்களைச் சேர்த்து அமுக்கிப் பிடிக்காதீர்கள். திமிறும் ஒவ்வொரு நொடியும் தசை இன்னும் வெப்பத்தை உண்டாக்கும். நினைவு தெளிவாக இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தரலாம், லிட்டர் கணக்கில் ஊற்றக்கூடாது. இரத்தத்தில் சோடியம் சரிந்து மூளை வீங்குவது இந்த வகைப் பொருட்களில் தனி ஆபத்து. வலிப்பு வந்தால் தலைக்கு அடியில் மெத்தென்று எதையாவது வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். வலிப்பு நின்று மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு இல்லையென்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்கி, உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள்.

மருத்துவமனையில் செய்வது அறிகுறிகளைக் கட்டுப்படுத்தும் சிகிச்சை. இதற்கென்று மாற்று மருந்து இல்லை. பென்சோடயசெபின் என்ற அமைதியூட்டும் வகை மருந்தால் பதற்றத்தையும் தசை முறுக்கத்தையும் அடக்குவார்கள், வேகமாகக் குளிர்விப்பார்கள். வெப்பம் கட்டுக்குள் வராவிட்டால் தசைகளைத் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்து வென்டிலேட்டரில் வைப்பார்கள். செரோடோனின் நச்சுக்கு, செரோடோனினின் வேலையைத் தடுக்கும் சைப்ரோஹெப்டடின் கொடுப்பதும் உண்டு. சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் இவை வேலை செய்கின்றன; நடுக்கத்தோடு வந்து நடந்து வீட்டுக்குப் போனவர்கள் ஏராளம்.

வழக்கமான சிறுநீர்ச் சோதனைப் பட்டை இந்தப் பொருளைக் காட்டாமலே போகலாம். நிறைநிறமாலைமானி (மூலக்கூறுகளை எடையை வைத்து அடையாளம் காணும் கருவி) உள்ள ஆய்வகத்தில்தான் உறுதிசெய்ய முடியும். பட்டையில் ஒன்றும் இல்லை என்று வந்தால் மருத்துவர் வேறு நோயைத் தேடிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. ஆகவே என்ன எடுத்தார், எத்தனை மணிக்கு, இரண்டாவது தடவை எப்போது, கூட மது அல்லது வேறு மாத்திரை ஏதாவதா என்பதை உடனிருந்தவர் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மிச்ச மாத்திரையோ பொடியோ காலிப் பையோ இருந்தால் தூக்கி எறியாமல் மருத்துவரிடம் கொடுத்துவிடுங்கள். அந்தப் பையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் தூசியை வைத்து அடையாளம் கண்டு எச்சரிக்கை விடுத்தால், அதே தொகுதி மாத்திரையைக் கையில் வைத்திருக்கும் வேறு யாரோ தப்பிக்கலாம்.